கள்ளிக்கு ஒரு ஷூ

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கள்ளி நின்றது. சப்பாத்திக் கள்ளி இல்லை. தூண் மாதிரி நேராக எழுந்து, மாடிக் கைப்பிடிச் சுவரையும் தாண்டிய கள்ளி. ஆம்பூரில் எங்கள் தெருவில் அவ்வளவு உயரமான செடி வேறு கிடையாது.

அப்பா நட்டது. ஒரு முழத் துண்டாகக் கொண்டுவந்து மண்ணில் செருகினார். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியும் அது வளர்ந்துகொண்டே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, கீழ்வீட்டு அம்பரீன் ஓடிவந்து, கால் தடுக்கி அதன்மேல் சாய்ந்துவிட்டாள். ஐந்து வயதுக் குழந்தை. உள்ளங்கையில் ஏழு முள். அவள் 'தாதா' என்று கூப்பிடும் தாத்தா அப்துல் சமத் பாய்தான் வீட்டுச் சொந்தக்காரர்.

"பேஜாராப் போச்சு செண்பகம்மா. ஞாயித்துக்கெழமை ஆள் வர்றான். வெட்டிடலாம்" என்றார்.

"சரி பாய்" என்றாள் அம்மா. உள்ளே போய் அரிசி களைந்தாள். களைந்ததையே மறுபடி மறுபடி களைந்தாள்.

நான் கள்ளியின் முன்னால் உட்கார்ந்து நன்றாகப் பார்த்தேன். தண்டில் மேலிருந்து கீழாக ஆறு மேடு, ஆறு பள்ளம். மேட்டு விளிம்பில் மட்டும் பஞ்சுப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பொட்டிலும் ஒரு கொத்து முள். பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை.

அம்பரீன் உயரத்துக்கு அந்த விளிம்புகளை மூடினால் போதாதா?

அம்மா ஷூ கம்பெனியில் தைப்பவள். வீட்டில் ஒரு பை நிறைய துண்டுத் தோல் இருந்தது. இரண்டு அடுக்குத் தோல், நடுவில் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தேன். செவ்வாய்க்கிழமை கள்ளியைச் சுற்றி இறுக்கமாக மாட்டினேன்.

அப்துல் சமத் பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னாம்மா இது, கள்ளிக்கு ஷூவா? நடந்து கடைக்குப் போவுமா?"

புதனும் வியாழனும் நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் என் தையல் பிரிந்து தொங்கியது.

டேப் எடுத்துத் தண்டின் சுற்றளவை அளந்தேன். செவ்வாய்க்கிழமை தைக்க அளந்தபோது ஐம்பது சென்டிமீட்டர். இப்போது ஐம்பத்திரண்டு! மழைத் தண்ணீரைக் குடித்துப் பள்ளமெல்லாம் உப்பியிருந்தது. வெயிலில் மறுபடி மடிந்து ஒல்லியாகிவிடும் போல.

"தடிச்சா கிழியும், எளைச்சா கழண்டுடும். இன்னா பண்றது?" என்றேன் அம்மாவிடம்.

"மொதல்ல ஸ்கூலுக்குக் கெளம்பு."

ஷூவை மாட்டி லேஸை இழுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா, லேஸ்!"

சனிக்கிழமை அம்மா எனக்கு ஓட்டை போட மட்டும் உதவினாள். இரண்டு பக்கமும் பத்துப் பத்து ஓட்டை. நீளமான கறுப்பு லேஸ். இனி வேண்டியபோது இறுக்கலாம், தளர்த்தலாம்.

அன்று சாயங்காலம் ஏழரை மணிக்கு நான் அப்துல் சமத் பாயைக் கூப்பிட்டேன். அவர் தோலின்மேல் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தேய்த்தார். அழுத்தியும் பார்த்தார். அதற்குள் அம்பரீன் ஓடிவந்து கள்ளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"குத்தல தாதா!"

அவர் என்னைப் பார்த்தார். கள்ளியைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"நாளைக்கு வராதப்பா. வேலை இல்ல."

அப்போதுதான், சில நாளாக மேலே விட்டிருந்த மொட்டுகள் விரியத் தொடங்கின. அது ராத்திரியில் மட்டும் பூக்கும் கள்ளி. சாப்பாட்டுத் தட்டு அளவு வெள்ளைப் பூக்கள், மொத்தம் ஒன்பது. வாசனைக்கு ஒரு பெரிய விட்டில் பூச்சி பறந்துவந்து, ஒரு பூவுக்குள் தலையை நுழைத்தது. விடிந்தால் எல்லாம் வாடிவிடும்.

"எல்லாரும் வாங்க! எங்க வீட்டுக் கள்ளி பூத்திருக்கு!" என்று அப்துல் சமத் பாய் தெருவுக்கே குரல் கொடுத்தார்.

தெரு முழுக்க வந்து அண்ணாந்து நின்றது. கோடிவீட்டு வள்ளியம்மாள் அத்தை கீழே இருந்த ஷூவையும் பார்த்துவிட்டு, "இது யார் வேலை?" என்று கேட்டார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"செடி எங்க வீட்டுக்காரர் நட்டது" என்றாள். "ஷூ எங்க தமிழினி தச்சது."