எனாமல் முகப்பில் ஒரு பொட்டு

ஆயுத பூசை வந்தால் ஷாமினிக்குக் கை நிற்காது. பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் அப்பா வாசுவின் கடிகாரக் கடையில் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவள் பொறுப்பு. இடுக்கி, திருப்புளி, பூதக்கண்ணாடி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டன. குறுக்கே வந்திருந்தால் கடைப்பூனையும் தப்பியிருக்காது.

அப்பா பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். மேசை மேல் வெள்ளை வெளேரென்று ஒரு வட்டத் தகடு இருந்தது. கடையின் பழைய வாடிக்கையாளர் லியனார்ட் அங்கிளின் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தின் எனாமல் முகப்பு அது. சுத்தம் செய்து எண்ணெய் போடுவதற்காக அப்பா கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

'பாவம், இதுக்கு மட்டும் பொட்டு இல்லையே!' என்று நினைத்த ஷாமினி, இரண்டாம் எண்ணின் அருகே ஈர விரலால் குங்குமம் வைத்தாள்.

திரும்பி வந்த அப்பா பதறிப்போய்த் துடைத்தார். பொட்டு போய்விட்டது. ஆனால், அந்த இடத்தில் நடுவை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஒன்று எனாமலில் முன்பே இருந்தது. அதற்குள் சிவப்பு இறங்கிவிட்டது. என்ன செய்தும் போகவில்லை.

"ஐயோ, இது ஜோசஃபின் ஆன்டி கல்யாண நாளுக்கு அங்கிளுக்கு வாங்கிக் கொடுத்த வாட்ச்மா! அவங்க இறந்ததிலிருந்து சர்வீசுக்குத் தவிர அங்கிள் இதைக் கழட்டுறதே இல்ல."

ஷாமினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீ பேசாம இரு. என் கையால ஆயிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார் அப்பா.

சனிக்கிழமை கிள்ளானிலிருந்து லியனார்ட் அங்கிள் வந்தார். அப்பா கடிகாரத்தை எடுத்து வைத்துத் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் ஷாமினி முந்திக்கொண்டாள்.

"அங்கிள், நான்தான். பூசைக்குப் பொட்டு வெச்சேன். அப்பா மேல தப்பு இல்ல. சாரி அங்கிள்."

அவர் கடிகாரத்தை வெளிச்சத்தில் சாய்த்து அந்தச் சிவப்புக் கீற்றைப் பார்த்தார்.

"போகாதா?"

"போகாது அங்கிள்."

"ஜோசஃபின் சர்ச்சுக்குக் கெளம்புறப்பல்லாம் இதைத் துடைச்சிக் கொடுப்பா" என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஷாமினிக்கு.

அவர் கடிகாரத்தின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பார்க்கும் நீள முள் ஓடத் தொடங்கியது. பத்தாவது வினாடியில் அது சிவப்புக் கோட்டின் மேல் வந்தது. கோடு மறைந்தது. முள் நகர்ந்ததும் மறுபடி தெரிந்தது.

"பாரு, நிமிஷத்துக்கு ஒரு செகண்டு மறைஞ்சிடுது."

"மத்த அம்பத்தொன்பது செகண்டு?" என்று ஷாமினி மெல்லக் கேட்டாள்.

"அப்பல்லாம் உன்மேல கொஞ்சம் கோவமாத்தான் இருப்பேன் லா" என்று சொல்லிக்கொண்டே, அங்கிள் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார்.