இறங்கியாச்சா?

கீழே விழுந்த பழம் கன்றும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிளையில் தொங்குகிற பழம் எப்படிக் கன்றும்? மரத்தில் ஏறியிருந்த மெஷின்காரன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். காம்பைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. அடுத்ததும் அப்படியே.

உலுக்கு மெஷின் அடிமரத்தைக் கவ்வி ஆட்டினால், அத்தனை பழமும் கீழே விரித்த மெத்தைத் துணியில் கொட்டும். காய்ந்த சுள்ளி கீறிய பழத்தைக் கடைக்காரன் தொடமாட்டான் என்பதால் முதலில் ஒருவர் ஏறிச் சுள்ளிகளை ஒடிக்க வேண்டும். ஓட்டுகிறவர் "இறங்கியாச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே விசையை இழுக்க வேண்டும். போன மாதம் இதே மரத்தில் மெஷின்காரனுடைய தங்கையின் புருஷன் இருந்தான். லாரிக்காரன் அவசரப்படுத்தினான். இவன் கேட்காமலே இழுத்துவிட்டான். "கேட்டேன், மாப்பிள்ளை இறங்கியாச்சுன்னார்" என்று பிணத்தின் பக்கத்தில் நின்று சத்தியம் செய்தான். பாவிக்கு நாக்குக்கூடக் கூசவில்லை. தங்கையும் நம்பினாள்.

அதன்பிறகு இந்த மரத்தில் ஏற ஆளில்லை. இன்று மெஷின்காரனே ஏறினான். பிழைப்புக்காக மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்ட தங்கை விசையருகே இருந்தாள்.

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்? மேலயே தூங்கிட்டியா?"

"பழம் சரியில்லம்மா. இந்த மரத்த விட்டுருவோம்."

"விட்டா மேஸ்திரி நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு. சீக்கிரம் ஒடிச்சிட்டு வா."

காற்றே இல்லாத அந்த மாலையில், கீழே எஞ்சின் முனகிக்கொண்டிருக்க, பழுத்த வாசனையும் டீசல் புகையும் தொண்டையில் கரிக்க, தலைக்கு மேலே இலையிருட்டுக்குள் யாரோ பொறுமையாகச் சுள்ளி ஒடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று அவன் கழுத்தில் விழுந்தது. இன்னொன்று. அவன் கை சும்மாதான் இருந்தது.

"உங்கண்ணன் அன்னைக்குக் கேக்கவே இல்லடி."

களைத்த குரல். மேலேயிருந்து.

தங்கை நிமிர்ந்தாள். அந்தக் குரலோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். அண்ணன் வாயைத் திறந்தான். நாக்கு புரளவில்லை. சட்டையின் பின்புறத்தை எதுவோ பிடித்திருந்தது.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் அவளுக்கு வேண்டிய பதில் இருந்தது.

"அண்ணே," என்றாள் நிதானமாக. "இறங்கியாச்சா?"

இல்லையென்று அவன் தலையை ஆட்டினான். கையை ஆட்டினான்.

மேலே, இலைகளுக்குள், அவனுடைய குரலே சொன்னது: "இறங்கியாச்சு."

கண்ணை எடுக்காமல் அவள் விசையை இழுத்தாள். முதலில் பழங்கள் உதிர்ந்தன. பிறகு இலைகள். அவள் கையை எடுக்கவில்லை.