உள்ளே போன நுரை

ஓட்டை இருந்தால் காற்று வெளியே வரும். மேலே தடவிய சோப்பு நுரை குமிழாகப் பொங்கும். பட்டறையில் இத்தனை காலமும் அவள் கண்டது அதுதான். ஆனால் அன்று மாலை, மேசைமேல் மல்லாந்து கிடந்த ஆரஞ்சு நிற உடையின் மார்புத் தையலில் அவள் தூரிகையால் தடவிய நுரை பொங்கவில்லை. உள்ளே போயிற்று.

கப்பல் மூழ்கும்போது மாலுமிகள் மாட்டிக்கொண்டு கடலில் குதிக்கும் உயிர்காப்பு உடை அது. பாதம், கையுறை, தலைமூடி எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த தடித்த ரப்பர். முகத் திறப்பைத் தக்கையால் அடைத்து, குழாய்வழியே காற்றேற்றி, உப்பிய உடல் முழுவதும் சோப்புநீர் பூசி ஓட்டை தேடுவது அவள் வேலை. அதனால்தான் பட்டறையில் அவளுக்கு நுரையக்கா என்று பெயர்.

அவள் மறுபடி தடவினாள். நுரை உள்ளே போயிற்று. சற்றே நின்றது. பிறகு குமிழாக வெளியே வந்தது. மீண்டும் உள்ளே. காற்றுக் குழாயை அவள் எப்போதோ கழற்றித் தரையில் போட்டிருந்தாள். மழைநீர் தகரக் கூரையில் சடசடக்க, பசையின் காரமும் ரப்பரின் நெடியும் நிறைந்த அந்த அறையில், அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து, நெடுநாள் மூடிக்கிடந்த சிப்பியைப் பிளந்ததுபோல ஒரு கடல் நாற்றம் மெல்ல மெல்ல எழுந்து அவள் நாக்கில் உப்பாகப் படிந்தது.

“மேஸ்திரி, கொஞ்சம் வந்து பாருங்க. இது மூச்சு விடுது.”

மேஸ்திரி வாசலில் நின்றபடியே சிரித்தான். “செத்தா மூச்சு விடாது. விடுதுன்னா சரக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம். முத்திரையைக் குத்து.”

“புதுச் சரக்குன்னு சொன்னீங்க. முழங்கால்ல ஒட்டு இருக்கு. உள்ளே உப்புப் பூத்திருக்கு.”

அவனுக்குப் பின்னால் முதலாளியின் குரல் வந்தது. “உன் வேலை நுரை தடவுறது. துப்பறியறது இல்ல.”

“இது எங்கேருந்து வந்துச்சு முதலாளி?”

“கடல்லேருந்து. கப்பல் சாமான் பின்ன காட்டுலயா காய்க்கும்?”

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தான். அவள் முழங்கால் ஒட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“இதைப் போட்டிருந்தவங்க?”

“அவங்களுக்கு இனிமே தேவைப்படாது.” முதலாளி மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினார். “இந்தச் சரக்கு போற கப்பல்ல உன் தம்பிக்கு வேலை வாங்கிக் குடுத்தது யாரு? சரக்கைச் சோதிக்கிற ஆய்வாளர் வண்டியோட வர்றார். அவர் முன்னாடி வாயைத் திறந்தே, அக்காவும் தம்பியும் தெருவுலதான் நிப்பீங்க.”

இருவரும் போனதும், வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

உயிரைக் காக்கத் தைத்த உடையை, உயிர் போனபின் உரித்தெடுத்து, கழுவி, மடித்து, இன்னொருவன் உயிருக்கு விலை பேசுகிறவன் வியாபாரியா? எந்தத் தாயின் மகன் இந்த ரப்பருக்குள்ளிருந்து கரையை நோக்கிக் கையசைத்தான்? எந்தக் குழந்தையின் தகப்பன் அலைமேல் கிடந்து, வராத படகுக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தான்? தம்பி இதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதிக்கக் கூடாது. ஆய்வாளர் மாதிரிக்கு இந்த ஓர் உடையைத்தான் பிரித்துப் பார்ப்பார். இது தேறாவிட்டால் மொத்தச் சரக்கும் கரையிலேயே நிற்கும். வெளிப்புறத்தை அறுத்தால் மேஸ்திரி நொடியில் ஒட்டுப் போட்டுவிடுவான். கையுறையின் உள்தையலை அறுக்க வேண்டும்.

அவள் தக்கையைப் பிடுங்கினாள். காற்று சீறவில்லை. உடை தளரவில்லை. ஜிப்பைக் கீழே இழுத்துப் பிளந்தாள். உள்ளே மஞ்சள் துணி, ஈரம், வேறொன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்த மார்பு, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இடக்கையில் கத்தியைப் பிடித்தாள். வலக்கையை உடையின் கைக்குள் விட்டாள். முழங்கைவரை. தோள்வரை. கையுறையின் நுனியைப் பிடித்து உள்ளே புரட்ட வேண்டும். விரல்கள் துழாவின. குளிர். வழவழப்பு.

விரல்கள்.

அவளுடையவை அல்ல.

அவை அவள் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாக நுழைந்தன. இறுகின. கரையேறத் துடிப்பவன் பிடிக்கும் பிடி. அவள் இழுத்தாள். மேசை நகர்ந்தது. கத்தி கீழே விழுந்தது. நுரை, மார்புத் தையலில், வேகமாக. உள்ளே. வெளியே. உள்ளே.

வண்டி வந்து நின்ற சத்தம். பக்கத்துக் கூடத்தில் விளக்கு எரிந்தது. இரண்டு அறைகளுக்கும் நடுவே கம்பிவலைச் சுவர். அதற்கப்பால் கட்டுக்கட்டாக ஆரஞ்சு உடைகள். அவற்றின் நடுவே, சரக்கை ஏற்றிப்போக முன்னதாகவே வந்திருந்த தம்பி. தொளதொளத்த ரப்பர் கால்களுக்குள் இரு கால்களையும் விட்டுக்கொண்டு, வாத்துபோல நடந்து காட்டினான். மேல்பாதி இன்னும் மாட்டவில்லை; உடையின் கைகள் இடுப்பிலிருந்து வெறுமையாகத் தொங்கின.

“அக்கா! இங்க பாரு, மாப்பிள்ளை மாதிரி இல்ல?”

அவள் வலையைப் பார்த்துக் கத்தினாள். “கழட்டுடா! டேய், கழட்டு! வெளியே வா!”

வண்டியின் இரைச்சலில் அவனுக்கு எதுவும் எட்டவில்லை. “என்னக்கா? கேக்கல!” என்று சிரித்தபடி, இரண்டு உள்ளங்கைகளையும் காதுகளுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு வலைப்பக்கம் சாய்ந்தான்.

அவன் இடுப்பில் தொங்கிய உடையின் வெற்றுக் கைகள் இரண்டும் மெல்ல நிமிர்ந்தன. ஒன்று அவன் முதுகைச் சுற்றி அணைத்துக்கொண்டது. மற்றொன்று ஜிப்பைப் பற்றி, அவசரமே இல்லாமல், மேலே இழுக்கத் தொடங்கியது.