திறக்க முடியாத பெட்டி

கவிப்பிரியாவின் அப்பா பச்சையப்பன் எதைச் செய்தாலும் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிடுவார். பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு தகரப் பெட்டி வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் கேட்டிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கும் அவர், மூடியைச் சுற்றிலும் வெல்டு வைத்தே கொண்டுவந்து கொடுத்தார்.

"இனிமே எவனாலயும் தொறந்து பாக்க முடியாது" என்றார் பெருமையாக.

"என்னாலயே தொறக்க முடியாதேப்பா."

"நீ எதுக்குத் தொறக்கணும்? உள்ள இன்னா கீதுன்னுதான் உனக்குத் தெரியுமே."

தெரியும்தான். உள்ளே ஒரு வட்டமான சிமென்ட் வில்லை இருந்தது. அதை டிபன் டப்பா மூடியில் வார்த்தவள் கவிப்பிரியா. அப்பாவின் பட்டறைக்குத் தூக்கிப் போய்ப் பெட்டிக்குள் ஒட்டியவன் அவளுடைய ஏழாம் வகுப்புக் கூட்டாளி சந்தோஷ்.

பெட்டியின் நாலு பக்கமும் அடியில் விரல் உயரத்துக்கு ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து கோலியை உருட்டிவிட்டால், அது உள்ளே எதன்மீதோ மோதி வேறு பக்கமாக வெளியே வரும். போன வழியையும் வந்த வழியையும் மூடியின்மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனால், ஒளிந்திருக்கும் பொருளின் வடிவம் தெரிந்துவிடும். அணுவுக்குள் இருக்கும் அணுக்கருவைக் கண்ணால் பார்க்க முடியாது. சின்னச் சின்னத் துகள்களை எறிந்து, அவை எப்படித் திரும்பி வருகின்றன என்று பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதைக் காட்டுவதற்காகத்தான் இந்தப் பெட்டி.

கண்காட்சியில் தேர்வாகும் ஒரே ஒரு மாதிரி ஆவடியில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகும். கவிப்பிரியாவுக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. போன வருடம் அவள் செய்த காற்றாலை சுற்றவே இல்லை. வந்தவர்களெல்லாம் ஊதிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை, வகுப்பறையில் இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். கோலிகள் சொன்னபடி கேட்டன. கோடுகளுக்கு நடுவே அழகாக ஒரு வட்டம் தெரிந்தது.

"சின்னதா ஒண்ணு உருட்டிப் பாக்கலாம்" என்று சொல்லி, அப்பா கொடுத்திருந்த சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை எடுத்தாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு உருண்டைகள் அவை. ஒன்றை நேராக நடுவில் விட்டாள். மோதித் திரும்பி வர வேண்டிய குண்டு, எதிர்ப்பக்கம் வெளியே வந்து நின்றது.

"இன்னாடா இது? வில்லைக்கு ஊடால பூந்து வருது?"

சந்தோஷ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

கவிப்பிரியா விடவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் உருட்டினாள், கோடு போட்டாள். கடைசியில் மூன்று இடங்கள் மட்டும் கோடு படாமல் நின்றன. உள்ளே இருப்பது ஒன்று இல்லை, மூன்று. நடுவே இருந்த சந்துகளில் கோலி நுழையவில்லை, பால்ரஸ் நுழைந்துவிட்டது.

அவளுக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. சார்ட்டில் வட்டம் வரைந்து வண்ணமெல்லாம் அடித்தாகிவிட்டது. திட்டுவதற்குத் திரும்பினாள். சந்தோஷின் காது சிவந்திருந்தது. தினமும் அவள் சாப்பாட்டில் பாதியைப் பிடுங்கித் தின்பவன், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. பாவமாக இருந்தது.

"யாரோ ஒடைச்சிட்டாங்க போல. ஆனா சூப்பரா ஒட்டியிருக்காங்க. இவ்ளோ உருட்டியும் ஒண்ணுகூட அசையல" என்றாள்.

சந்தோஷ் குனிந்து பால்ரஸ் குண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்குப் போய் அம்மாவின் போனில் தேடிப் படித்தாள். அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் இருக்கின்றன. மிக வேகமான எலக்ட்ரான்களை எறிந்து பார்த்தபோது, புரோட்டானுக்குள்ளும் இன்னும் சிறியவை இருப்பது தெரிந்தது. அவற்றுக்குக் குவார்க்குகள் என்று பெயர். ஒரு புரோட்டானுக்கு முக்கியமானவை மூன்று. கவிப்பிரியா சார்ட்டைத் திருப்பிப் போட்டு, கோடு படாத மூன்று இடங்களையும் புதிதாக வரைந்தாள்.

மறுநாள், வேறொரு பள்ளியிலிருந்து தேர்வு செய்ய வந்த சாவித்திரி மிஸ் கோலியையும் பால்ரஸையும் உருட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணுதான்னு நான் எப்படி நம்பறது? திறந்து காட்டு."

"தொறக்க முடியாது மிஸ். அப்பா வெல்டு வச்சிட்டாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாவித்திரி மிஸ்ஸும் சிரித்துவிட்டு, அடுத்த மேஜைப் பக்கம் நகர்ந்தார். சந்தோஷைக் கைகாட்டி, இவனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். கவிப்பிரியா சொல்லவில்லை. ஆவடி கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணுதான் மிஸ்." சந்தோஷ் முன்னால் வந்தான். "நான்தான் கீழ போட்டேன். ஓரமெல்லாம் உதிர்ந்துபோயி ஒழுங்கா சேரல. அப்படியே தள்ளித் தள்ளி ஒட்டிட்டேன். பயந்துகினு யார்கிட்டயும் சொல்லல. இவளா உருட்டி உருட்டிக் கண்டுபுடிச்சா."

சாவித்திரி மிஸ் திரும்பி வந்தார். மூடியிலிருந்த கோடுகளைத் துடைத்து, சார்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"எங்கெங்கே ஒட்டினே? வரை."

சந்தோஷ் மூன்று துண்டுகளை வரைந்தான். மிஸ் சார்ட்டை நிமிர்த்தி இரண்டையும் பக்கத்தில் வைத்தார். மூன்றும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே வடிவத்தில் இருந்தன. அவர் வேறு எதுவும் கேட்காமல் இரண்டு பேரின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

"உனக்கு நேத்தே தெரியுமா?" என்று சந்தோஷ் மெதுவாகக் கேட்டான்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா அழுதிருப்பே. எனக்கும் அழுக வந்திரும்."

ஆவடிக்குப் போகும் பஸ்ஸில் சந்தோஷ் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான்.

"கை வலிக்கும்டா, நான் கொஞ்ச நேரம் வச்சிக்கிறேன், குடு" என்றாள் கவிப்பிரியா.

"வேணாம். நீ கீழ போட்டுடுவே" என்றான் சந்தோஷ்.