நாலு பிள்ளைகளின் வகுப்பு

செவ்வந்தி நீட்டிய கஞ்சிக் குவளையை மாமியார் காத்தாயி வாங்கவில்லை. பேத்தி பொன்னுத்தாயைப் பார்த்து, "எனக்குப் பசிக்கலன்னு உங்க ஆத்தாகிட்ட சொல்லு" என்றாள். மூன்றடி தூரத்தில் நிற்கும் மருமகளோடு இப்படி ஆள் வைத்துப் பேசுவது இன்றோடு பதினெட்டாம் நாள்.

"நீங்க சாப்பிடாம நான் எப்படி அத்தை..."

"ஏன், அந்த ராமநாதபுரத்தான் புள்ளைங்க வரும்ல. அதுகளுக்கு ஊத்தச் சொல்லு."

கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு, தை பிறந்ததிலிருந்து தெருவில் ஒருவரும் அறுப்புக்குப் போகவில்லை. மிராசுதார் லாரி அனுப்பி ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்களை இறக்கியிருந்தார். அந்தக் குடும்பங்கள் வாய்க்கால் கரையில் கீற்று மறைத்துத் தங்கியிருந்தன.

எட்டாவது வரை படித்த செவ்வந்தி இரண்டு வருடமாகத் தெருச் சாவடியில் மாலை வகுப்பு நடத்திவந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போய், பொன்னுத்தாயோடு சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். போன ஆடியில் வந்த பள்ளி ஆய்வாளர் அகிலாண்டம், தையில் மறுபடி வரும்போது இருபது பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் பயிற்சிக்கு அவள் பெயரை எழுதுவதாகச் சொல்லியிருந்தார். இன்று மாலை வருகிறார்.

பதினெட்டு நாளுக்கு முன் வாய்க்கால் கரையிலிருந்து நாலு பிள்ளைகள் வந்து சாவடி ஓரத்தில் உட்கார்ந்தன. செவ்வந்தி சிலேட்டு கொடுத்தாள். மறுநாளே தெருக்காரர்கள் கூடி, தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். சாவடியும் கூடாது என்றார்கள். வகுப்பு கொல்லைக்கு வந்தது.

கணவன் அரசப்பன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அதுங்கள வராதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். நம்ம புள்ளைங்க அத்தனையும் சாயங்காலமே வந்துடும். தெருவுல பேசிட்டு வந்துட்டேன்."

"எப்படிங்க சொல்றது... சிலேட்டைக் கையில வச்சிருக்கிற புள்ளைய எழுந்து போன்னு..."

"அவங்க அப்பன் அறுக்கிற ஒவ்வொரு கட்டும் நம்ம வயித்துல அடிக்குது. உனக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்க."

தெரிந்துதான் இருந்தது. தான் செய்வது சரிதானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"கொடி புடிச்சு முன்னால நடந்தவன் எம் மவன்" என்றாள் காத்தாயி, பேத்தியின் தலையைப் பார்த்தபடி. "தெருக் கூட்டத்துல கைகட்டி நின்னான். யாரால நின்னான்னு கேளு."

மாலையில் அகிலாண்டம் வந்தபோது கொல்லையில் நாலு பிள்ளைகள்தான் இருந்தார்கள். இருளாயி என்ற சிறுமி பாடப் புத்தகத்தில் இரண்டு வரி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எத்தனை நாளா படிக்குது?"

"பதினெட்டு நாளுங்கம்மா."

அகிலாண்டம் பதிவேட்டைப் புரட்டினார். "மத்தவங்களுக்கு இத்தனை நாளும் வரலைன்னே போட்டிருக்கே. பேரை அடிச்சிருக்கலாமே?"

"அவங்களா நிக்கலீங்கம்மா. நிறுத்தி வச்சிருக்காங்க."

விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்ட அகிலாண்டம் குரலைத் தணித்தார். "இன்னிக்கு எல்லாரும் வந்ததா நீ போட்டுடு. நான் கையெழுத்து வச்சுடறேன். யார் வந்து பார்க்கப் போறாங்க?"

செவ்வந்தி பேனாவை வாங்கி, பதிவேட்டிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாலுன்னே எழுதுங்கம்மா. வராத புள்ளைய வந்ததா எழுதிட்டா, அப்புறம் யாரும் அதைத் தேட மாட்டாங்க."

"பயிற்சிக்குப் போக முடியாதும்மா. விதி இருபதுதான். என் கையில ஒண்ணும் இல்ல."

"தெரியுதுங்க."

அகிலாண்டம் நாலு என்று எழுதி, கீழே கையெழுத்திட்டு, ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கீற்றுத் தட்டிக்குப் பின்னால் நின்றிருந்த காத்தாயி வெளியே வந்தாள்.

"செவ்வந்தி."

பதினெட்டு நாளில் முதல் தடவையாக நேராக அழைத்த குரல்.

"அந்த நோட்டுல பொன்னுத்தாய் பேரு இருக்கா?"

"இருக்கு அத்தை."

"நான்தான் அவளைப் புடிச்சு வச்சேன்னு தெரியும்ல? தெரிஞ்சும் பேரை அடிக்கலையா?"

"எப்படி அத்தை அடிக்கிறது..."

கிழவி மருமகளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "தெருவுக்குப் பயந்து உம் பொழப்பக் கெடுத்துட்டேனே தாயி... கெடுத்துட்டேனே." இருவரும் நின்றபடியே அழுதார்கள். பிள்ளைகள் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் தெருப் பெண்கள் இருவர் வந்து நின்றார்கள். காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொன்னுத்தாயைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து இருளாயிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"போய்ச் சொல்லுங்கடி. கூட்டம் போட்டா நான் வந்து நிக்கிறேன். எம் மவனக் கூப்பிட வேண்டாம்."

செவ்வந்தி பதிவேட்டைத் திறந்தாள். அன்றைய கணக்குக்குக் கீழே ஆய்வாளரின் கையெழுத்து காய்ந்திருந்தது. அதை மீறி இனி பொன்னுத்தாய் வந்ததாக எழுத முடியாது. பதிவேட்டை மூடிவைத்துவிட்டு மகளின் பக்கம் திரும்பினாள்.

"நீ எதுல விட்டே... ஏழாம் வாய்ப்பாடா?"