பின்கதவுச் சாவி

பட்டாணியின் மாமாவுக்கு எல்லா வேலையும் தெரியும். மாவு பிசைவார், பொத்தான் தைப்பார், விசிலிலேயே முழுப் பாட்டும் பாடுவார். கதவு திறப்பது ஒன்றுதான் வராது.

சிறையிலிருந்து அவர் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் போதும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நிற்பார். உள்ளே ஈ, காக்கை இருக்காது. யாராவது வந்து திறந்துவிட்டால்தான் போவார்.

"அங்க நாமளா கதவைத் தொடக் கூடாது கண்ணு. காவலர் வந்து திறக்கற வரைக்கும் நிக்கணும். அப்படியே பழகிப்போச்சு" என்றார் பட்டாணியிடம்.

இன்று மாமாவுக்கு ரொட்டிக் கடையில் முதல் நாள் வேலை. "ஜெயில்ல இருந்தவரா? அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்று பல கடைகளில் கைவிரித்த பிறகு கிடைத்த வேலை. இதுவும் போய்விட்டால் மாமா நொறுங்கிப்போவார்.

பள்ளிக்குப் போகும் வழியில் பட்டாணி கடைக்குள் எட்டிப் பார்த்தாள். முதலாளியம்மா தனியாக மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க மாமா எங்க? எல்லாம் தெரிஞ்சும் நம்பிச் சேர்த்தேன். முதல் நாளே டிமிக்கி குடுத்துட்டாரு. வேற ஆளைத்தான் பாக்கணும்."

மாமா எப்போதோ கிளம்பிவிட்டாரே. ஓடிப்போய்ப் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெறுமனே சாத்தியிருந்த பின்கதவுக்கு வெளியே, புதுச் சட்டையும் வியர்வையுமாக, மாமா நின்றுகொண்டிருந்தார்.

பட்டாணி விஷயத்தைச் சொன்னதும் முதலாளியம்மா "அடக் கடவுளே" என்று கதவைத் திறக்கப் போனார்.

"நீங்க திறக்காதீங்க ஆன்ட்டி. அப்புறம் நாளைக்கும் இதே கதைதான்."

காலி ட்ரேக்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பட்டாணி கதவருகே போனாள்.

"மாமா, என் ரெண்டு கையும் ட்ரே. கதவைக் கொஞ்சம் திறங்களேன்."

கைப்பிடி அசையவில்லை.

"மாமா, கை வலிக்குது. விழுந்துடுவேன் போல இருக்கு."

கைப்பிடி மெல்லத் திரும்பியது. கதவு திறந்தது. மாமா தன் கையையே பார்த்தார்.

"நானா திறந்தேன்?"

"பின்ன, ட்ரேயா திறந்துச்சு?"

முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்தார். அதுதான் சமயம் என்று பட்டாணி, "ஆன்ட்டி, பின்கதவுச் சாவியை மாமாகிட்டயே குடுத்துடுங்க. தினமும் அவரே திறக்கட்டும்" என்றாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளையிலேருந்து எனக்கு முன்னாடி வந்து அடுப்பைப் பத்த வைக்கணும். சரிதானே?"

மாமா சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். சரியென்று தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை பட்டாணி போனபோது பின்கதவு சாத்தியிருந்தது. உள்ளே விசில் பாட்டு கேட்டது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, பூனை மாதிரி சத்தமில்லாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தார் மாமா. இடுப்பில் சாவி, முகமெல்லாம் மாவு.

"ஏய், எதுக்கு இங்க நிக்கறே?"

"யாராவது வந்து திறப்பாங்கன்னுதான்."

மாமா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மீசையிலிருந்து மாவு கொட்டக் கொட்டச் சிரித்துக்கொண்டே கதவை அகலத் திறந்துவிட்டார்.

"உள்ள வா வாலு. ரொட்டி சூடா இருக்கு."