மீட்புக் கொக்கியில் ஒரு கறை

சக்கரபாணி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"செந்தாமரைம்மா, நீங்க வந்து ஒரு அதட்டு அதட்டுனா அந்தப் பொண்ணு ஒத்துக்கினு போயிடும்."

"எந்தப் பொண்ணு? எதை?" செந்தாமரை மறுபடியும் கேட்டாள். துப்பறிவதைவிட, கேஸ் கொண்டு வருபவர்களைக் கோர்வையாகப் பேச வைப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடு.

ஒருவழியாக விஷயம் வந்தது. அவருக்கு வடக்குத்து என்ற ஊரில் லேத் பட்டறை. சுரங்க இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்துவந்தவருக்கு, ராணுவ மீட்பு ஹெலிகாப்டர்களுக்குக் கொக்கி செய்யும் ஆர்டர் கிடைத்திருந்தது. வெள்ளத்தில் சிக்கியவரைக் கயிறு விட்டுத் தூக்குகிறார்களே, அந்தக் கயிற்றின் நுனிக் கொக்கி. கடைந்ததைச் சென்னைக்கு அனுப்பினால் முலாம் பூசி, அலுமினியக் கவரில் சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பிரிக்காமல், மேலே ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி ராணுவக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அங்கே சோதனைக்கு ஒன்றைப் பிரித்தபோது, கொக்கியில் வட்டமாய் ஒரு கறை. ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்ட நீல மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தன.

"போன்ல சொன்னாங்க, நெஞ்சே நின்னுபோச்சு. மத்த சரக்கைப் பேக் பண்ற சீல் மெஷின் எங்க பட்டறைல வேலை செய்யற புவனா டேபிள்லதான் இருக்கு. அவதான் பிரிச்சிருக்கா!"

"ஆசிட் ஊத்தியிருப்பா," என்றான் ராஜ்மோகன். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்க வேண்டியவன். மனைவிக்குக் கேஸ் வந்தால் தூங்கமாட்டான், கூடவே கிளம்பிவிடுவான்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

பட்டறை வாசலில் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாடிக்கிடந்தது. லேத், டிரில், தராசு, மின்விசிறி எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனம், குங்குமம். நடுவில் புவனா நிமிர்ந்து நின்றாள்.

"நான் பிரிக்கல மேடம். பூஜை முடிஞ்சு வந்து ஸ்டிக்கர் ஒட்டுனேன், அவ்ளோதான். வேலைய வுட்டு அனுப்பட்டும், பழி எதுக்கு? வேற எவன் என்னைச் சேப்பான்?"

"தங்கமாட்டம் தகதகன்னு மின்னிச்சே! அதைப் போய் கெடுத்துட்டியேம்மா!" என்று சக்கரபாணி கத்தினார்.

செந்தாமரை அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க கடைஞ்சு அனுப்பறப்போ என்ன நிறம்?"

"சாம்பல்தான். இரும்புதானே."

"முலாம் பூசினப்புறம் பார்த்தீங்களா?"

"எப்படி? கவர் சீல் வச்சு வருதுங்களே."

"அப்போ தங்கமா மின்னினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சக்கரபாணி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"போட்டோ அனுப்பியிருப்பாங்க," என்று ராஜ்மோகன் கைகொடுத்தான்.

"போன்ல சொன்னாங்கன்னு அவரேதான் சொன்னாரு." அவள் பொறுமையை இழுத்துப் பிடித்தாள். "ஆசிட் ஊத்தினா வழியும், வட்டமா நிக்காது. ஈரத்தோட வச்ச சந்தனப் பொட்டு வட்டமா நிக்கும். அந்த ஈரத்துலதான் மணி நிறம் மாறிச்சு. அங்க முலாம் அரிச்சிருக்கு. கொக்கி விரிசல் விடலாம்."

"ஃபேனுக்கே வச்சேன். உசுரு காக்கற சாமானுக்கு வைக்காம வுடறதான்னு..."

"பிரிச்சு வச்சீங்க, இவ மெஷின்லயே மறுபடி சீல் போட்டீங்க. போன் வந்ததும் பயந்து இவ மேல தள்ளிட்டீங்க." சட்டென்று அவளுக்கு வேறொன்று உறைத்தது. "ஒண்ணுக்கு மட்டுமா வச்சீங்க?"

"ஒண்ணுக்கு வச்சிட்டு மத்ததை வுட்டா நல்லாருக்குமா?" என்றார் தரையைப் பார்த்தபடி. "எல்லாத்துக்கும்தான்."

மற்ற கொக்கிகள் இந்நேரம் கயிறுகளில் ஏறிக்கொண்டிருக்கலாம். செந்தாமரை அவருடைய போனையே எடுத்து, ராணுவக் கிடங்கின் எண்ணைப் போட்டு நீட்டினாள். அவர் புவனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

"முதல்ல அங்க பேசுங்க சார். கயித்துல தொங்கறவனுக்கு அவசரம். என்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

மறுமுனையில் குரல் கேட்டது. சக்கரபாணி போனைக் காதில் வைத்தபடி புவனாவைப் பார்த்தார்.

"பொட்டு வச்சேன்னு ஆரம்பிங்க," என்றாள் புவனா.